மலைக்கு எத்தனை குதிரைத்திறன்? ட்யூயல் ஸ்போர்ட் பைக்கில் நெடும்பயணம்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

தார்ச்சாலையில் நாள் முழுக்க ஓடவும், சாலை அறுந்துபோன இடத்தில் ஜல்லி, மண், ஓடைநீர் எதையும் கடக்கவும் ஏற்ற மோட்டார்சைக்கிளை ட்யூயல் ஸ்போர்ட் என்கிறார்கள். உலகில் இந்த வகையில் வண்டிகள் ஏராளம். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: சென்னையிலிருந்து மணாலி வழியாக லே வரையிலான பயணமும், அதற்கென்றே பலர் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியும். 2016-இல் சந்தைக்கு வந்த இந்த வண்டி உருவானது சென்னைப் புறநகர் ஆலையில்; சோதிக்கப்படுவதோ நாட்டின் மறுகோடியில்.

சென்னையிலிருந்து மணாலி ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். பெரும்பகுதி நான்குவழிச் சாலை. மணாலியிலிருந்து லே, அடல் சுரங்கம் வழியாகப் போனால், சுமார் 430 கிலோமீட்டர். அதாவது ஏழு கிலோமீட்டரில் ஆறு நெடுஞ்சாலை. ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பேச்சு முழுக்க அந்த ஏழாவது கிலோமீட்டரைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு வாதம், "மலை ஏறணும்னா பவர் வேணும்" என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தலைகீழ். குதிரைத்திறனைக் கேட்பது நெடுஞ்சாலை. மலை கேட்பது வேறு.

2. மரபு

இவ்வகை வண்டிகளின் மூதாதையாக யமஹா எக்ஸ்டி500-ஐச் சொல்லலாம். 1970-களின் நடுவில் வந்த ஒற்றை சிலிண்டர் வண்டி. 1979-இல் முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் சிரில் நெவூ இதில்தான் வென்றார். மறு ஆண்டும் வென்றார். 1980-இல் பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வந்தது. சுமார் 800 சிசி, 50 குதிரைத்திறன், முன்னே 21 அங்குலச் சக்கரம், செயினுக்குப் பதில் ஷாஃப்ட், எரிபொருளோடு சேர்த்து 190 கிலோவுக்குள் எடை. 1981-இல் உபேர் ஓரியோல் அதே பந்தயத்தை பிஎம்டபிள்யூவில் வென்றதும், பாலைவனம் தாண்டும் வண்டி வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் போகலாம் என்ற எண்ணம் விற்பனைச் சரக்கானது.

அடுத்த நாற்பது ஆண்டில் அந்த மரபுக்கு நேர்ந்தது வீக்கம். அதே கால்வழியில் வந்த ஆர்1250 ஜிஎஸ் அட்வென்ச்சரின் எடை 268 கிலோ. ஆற்றல் ஏறத்தாழ மும்மடங்கு. வசதிகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மண்பாதையில் சாய்ந்து கிடக்கும் 268 கிலோவை நிமிர்த்த வேண்டியவருக்கு அந்த ஆற்றல் ஒரு கைப்பிடியும் தருவதில்லை. 2004-இல் நடிகர்கள் இவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி நியூயார்க் வரை சென்ற பயணம் நினைவிருக்கலாம். அதில் ஒளிப்பதிவாளர் கிளாடியோ வான் பிளான்டாவின் பெரிய வண்டி படுத்துவிட, மங்கோலியாவில் அவர் ரஷ்யத் தயாரிப்பான இஷ் பிளானெட்டா ஒன்றில் பயணத்தைத் தொடர்ந்தார். இந்தத் துறையின் கோட்பாட்டு விவாதங்கள் பலவற்றைவிட அந்த மாற்றம் அதிகம் சொல்கிறது.

3. வண்டியின் உடல்

3.1 எடையும் உயரமும்

ஹிமாலயன் 411 அறிமுகமானபோது எடை 182 கிலோ. ஏபிஎஸ், புகைக்கட்டுப்பாடு என்று விதிகள் மாற மாற 199 வரை போனது. இலகுவான வண்டி என்று இதைச் சொல்ல முடியாது. ஆயினும் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர் மட்டுமே. சராசரி உயரமுள்ள இந்தியர் இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இது நடக்காது. சேற்றில் வேகம் மனித நடைக்கு இறங்கும்போது சமநிலையைக் காப்பது கால்தான். எந்த விவரப் பட்டியலிலும் இடம்பெறாத இந்தத் தகுதியை நான் முதலில் வைப்பேன்.

3.2 சக்கரமும் சஸ்பென்ஷனும்

முன்சக்கரம் 21 அங்குலம் என்பதை மந்திரம்போல் சொல்கிறார்கள். டயரோடு சேர்த்து அதன் ஆரம் சுமார் 35 சென்டிமீட்டர். சாலை வண்டிகளின் 17 அங்குலச் சக்கரத்துக்கு 30. பத்து சென்டிமீட்டர் உயரக் கல்லில் மோதும்போது, அச்சையும் கல்லின் விளிம்பையும் இணைக்கும் கோடு முதலதில் செங்குத்திலிருந்து 44 பாகை சாய்ந்திருக்கும், இரண்டாவதில் 48. நான்கு பாகை நன்மைதான், அற்புதமில்லை. உண்மையான வேலையைச் செய்வது சஸ்பென்ஷனின் நீண்ட பயணத் தூரம்: முன்னே 200, பின்னே 180 மில்லிமீட்டர். அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 220. கல் அடித்த அதிர்ச்சி ஹேண்டில்பாருக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது.

3.3 இன்ஜின்

411 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது. துளை விட்டம் 78, பிஸ்டன் பயணம் 86 மில்லிமீட்டர். இப்படி நீண்ட பயணம் கொண்ட இன்ஜின் உயர்ந்த சுழற்சியில் மூச்சு வாங்கும். தாழ்ந்த சுழற்சியில் இழுக்கும். 24.5 குதிரைத்திறன் 6,500 சுழற்சியில் வருகிறது. 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோ அதற்கு வெகு முன்னமே, 4,500-க்குள் வந்துவிடுகிறது.

4. ஆற்றல் கணக்கு

4.1 மலையில்

வண்டி, ஓட்டுபவர், சாமான் எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். மலையின் கொண்டைஊசி வளைவுகளில் அதற்குமேல் போவதும் அரிது. புவியீர்ப்பை எதிர்த்து ஏற 2.7 குதிரைத்திறன் போதும். தளர்ந்த ஜல்லியின் உருளுதடைக்கு (குணகம் 0.05 என்று கொண்டால்) இன்னும் 1.7. செயினிலும் கியரிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் ஐந்தைச் சுற்றித்தான் நிற்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு: உயரத்தில் காற்று மெலிகிறதே? உண்மை. மணாலி–லே பாதையிலுள்ள தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்குமேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் பாதிக்குச் சற்றே கூடுதல். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அந்த அளவுக்கு ஆற்றலை இழக்கும். நம் வண்டியின் 24.5 குதிரைத்திறன் 13 அல்லது 14-க்கு இறங்கும், சமவெளியில் 150 சிசி பைக் தருவதைப்போல. கார்புரேட்டர் வைத்த தொடக்ககால வண்டிகளில், குறைந்த காற்றுக்கு அதே பெட்ரோல் போய் கரும்புகையும் தள்ளும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோல் அளவைத் திருத்துகிறது; இல்லாத ஆக்ஸிஜனை அதனால் கொண்டுவர முடியாது. இருந்தும் தேவை ஐந்து, கையிருப்பு பதின்மூன்று.

அப்படியானால் அந்த ஏற்றத்தில் வண்டிகள் ஏன் நின்றுபோகின்றன? கல்லுக்கும் குழிக்கும் இடையே, முதல் கியரில், இன்ஜின் சுழற்சி சடாரென்று விழும் கணத்தில் முறுக்குவிசை கையில் இல்லாததால். பாதி கிளட்சில் அதைச் சமாளிக்கப் பார்த்து கிளட்ச் தட்டுகள் கருகுவது இந்தப் பாதையில் வாடிக்கை. தாழ்சுழற்சி முறுக்குவிசை, தாழ்ந்த முதல் கியர் இரண்டும்தான் இங்கே காக்கின்றன.

4.2 நெடுஞ்சாலையில்

இப்போது நாக்பூருக்கு வடக்கே நேர்கோடாய்ப் போகும் நான்குவழிச் சாலைக்கு வருவோம். இங்கே எதிரி காற்று. அதை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடியாக ஏறும். பெட்டிகளோடு கூடிய வண்டிக்கு உத்தேச மதிப்புகளை வைத்துப் பார்த்தால், மணிக்கு 80 கிலோமீட்டரில் மொத்தத் தேவை ஏறத்தாழ 7 குதிரைத்திறன், 100-இல் 13, 120-இல் 21. சக்கரத்துக்கு வந்து சேரும்போது இந்த இன்ஜினிடம் இருப்பது சுமார் 22. "நூறைத் தாண்டினால் வண்டி திணறுது" என்ற நிரந்தரப் புகாருக்கு விளக்கம் இவ்வளவுதான். (2018 அறிவிக்கைப்படி விரைவுச்சாலையில்கூட இருசக்கர வாகனத்துக்கு உச்சவரம்பு 80 கிலோமீட்டர். சட்டத்தை மதிப்பவருக்கு 7 குதிரைத்திறன் போதும். அவரை அந்தச் சாலையில் நான் அதிகம் பார்த்ததில்லை.)

ஆகவே இமயமலைக்காக என்று கேட்கப்படும் கூடுதல் ஆற்றல், உண்மையில் தெலங்கானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் செலவாகிறது.

5. பாதை வைக்கும் சோதனைகள்

5.1 பெட்ரோல்

மணாலி–லே பாதையில், சந்திரா, பாகா ஆறுகள் கலக்கும் தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று அங்கே வைத்த பலகையின் முன் படமெடுக்காத பயணி குறைவு. 411-இன் டேங்க் 15 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 30 கிடைத்தால் 450 கிலோமீட்டர். தாழ்ந்த கியரிலேயே ஏறி, மைலேஜ் 25-க்கு இறங்கினால் 375. பத்து கிலோமீட்டர் மிச்சத்தை நம்பி யாரும் கிளம்பக் கூடாது; இரண்டு லிட்டர் கேன் ஒன்று போதும், அதுவே ஐம்பது கிலோமீட்டர். நான்கைந்து கேன்களைத் தொங்கவிட்டுப் போவது படத்துக்கு மட்டும் அழகு.

5.2 தண்ணீர்

பனியாறு உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு, வெயில் ஏறிய பிற்பகலில் முழங்கால் அளவு. அதனால் நேரம்தான் முதல் உபாயம்: விடியலில் கிளம்புவது. கடக்கும்போது முதல் கியர், ஒரே சீரான திராட்டில், பார்வை எதிர்க்கரையில். நடுவில் இன்ஜின் நின்று, காற்று உறிஞ்சும் வழி மூழ்கியிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. கனெக்டிங் ராட்தான் வளையும்.

5.3 உடல்

மணாலி சுமார் 2,050 மீட்டர். லே போகும் வழியிலுள்ள சர்ச்சு ஏறத்தாழ 4,300. வண்டி ஒரே நாளில் அங்கே போய்விடும், அதுதான் சிக்கல். 3,000 மீட்டருக்குமேல் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்ட வேண்டாம் என்பது மலைமருத்துவ விதி. இடையிலுள்ள ஜிஸ்பாவில் ஓரிரவு தங்குவது அரைகுறைத் தீர்வுதான், ஏனென்றால் அடுத்த தங்குமிடங்கள் எல்லாமே உயரத்தில். உடம்புக்கு நல்லது ஸ்ரீநகர்–கார்கில் வழி ஏறி, மணாலி வழி இறங்குவது. தலைவலியோடும் வாந்தியோடும் ஓட்டுபவரின் கை திராட்டிலில் என்ன செய்யும் என்பதை எந்த வண்டி வடிவமைப்பாளரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது.

6. சுமை

பொறியாளர்கள் பார்த்துப் பார்த்துக் குறைத்த கிலோக்களை ஓட்டுபவர் ஒரே மாலையில் ஏற்றிவிடுகிறார். இரும்புச் சட்டம், அலுமினியப் பெட்டி மூன்று, கூடாரம், ஸ்டவ். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் நாற்பது கிலோ முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கிறது. ஏற்றத்தில் ஹேண்டில்பார் மிதப்பதுபோல் ஆகிறது. மண்பாதையில் கால் ஊன்றும்போது, கெட்டிப் பெட்டியின் விளிம்பு பின்னிருந்து வந்து கெண்டைக்காலில் மோதும். துணிப் பைகள் மழையில் நனையலாம், எலும்பை முறிக்காது. கனமானவை கீழேயும் முன்னேயும் இருக்கட்டும்: கருவிகள், ட்யூப், தண்ணீர். ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் இருப்பதால் பஞ்சர் போடும் லிவரும் கைப்பம்பும் தவிர்க்க முடியாதவை. சர்ச்சு சமவெளியில் பஞ்சர் கடை தேடி நடப்பது நல்ல உடற்பயிற்சி என்பவர்கள் அவற்றை விட்டுச் செல்லலாம்.

7. புதிய தலைமுறை

2023 இறுதியில் 411-க்குப் பதிலாக ஹிமாலயன் 450 வந்தது. 452 சிசி, நீர் குளிரூட்டல், ஆறு கியர், 8,000 சுழற்சியில் 40 குதிரைத்திறன், 5,500-இல் 40 நியூட்டன் மீட்டர். துளை 84, பிஸ்டன் பயணம் 81.5 மில்லிமீட்டர். நீளத்தைவிட அகலம் கூடிவிட்டது. இன்ஜினின் குணம் மேல்சுழற்சிக்கு நகர்ந்ததை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். எடை 196 கிலோ, டேங்க் 17 லிட்டர். இருக்கை 825-க்கு ஏறியது.

இதை முன்னேற்றம் என்றுதான் கொள்ள வேண்டும், ஆனால் எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். 120-இல் தேவைப்படும் 21 போக, முந்திச் செல்ல இப்போது மிச்சம் இருக்கிறது. ஏழில் ஆறு பங்கு பாதைக்கு இது நேரடி நன்மை. தங்லாங் லாவில் நிலைமை அப்படியில்லை; ராணுவ லாரி வரிசைக்குப் பின்னால் 25 கிலோமீட்டரில் ஏறும்போது இரண்டு வண்டிகளும் செய்வது ஒரே வேலை. அங்கே பழைய இன்ஜின் இன்னும் தாழ்ந்த சுழற்சியில் அதைச் செய்கிறது. அதற்கு ரேடியேட்டரும் இல்லை, கல் பட்டு ஒழுக.

சென்னையிலிருந்து சக்கரத்தின் மேலேயே முழுத் தூரமும் போகிறவருக்கு 450-ஐயே பரிந்துரைப்பேன். டேங்கைக் காலி செய்து வண்டியை ரயில் பார்சலில் சண்டிகருக்கு அனுப்பிவிட்டு, தானும் ரயிலேறிப் போய், மலையை மட்டும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சுத்தப் பயணிகள் அவர்களை ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அவர்களுக்கு, நன்றாகப் பராமரித்த பழைய 411 ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், புதியதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அவசியமில்லை.