எம்புட்டும் அம்புட்டும்: ஒப்புமை இலக்கணத்தின் கதை

வருசநாட்டுப் பேச்சில் ஒப்பிடுவதற்கு இரண்டு தனி வழிகள் உண்டு. "மலை கணக்கா நிக்கிறான்" என்றால் அது சாயல். "அண்ணன் எம்புட்டு ஒசரமோ தம்பியும் அம்புட்டு ஒசரம்" என்றால் அது அளவு. ஆங்கிலத்தின் 'ஆஸ் டால் ஆஸ்' இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தது. எம்புட்டும் அம்புட்டும் ஜோடியாக நிற்பதைப் போலவே அங்கும் இரண்டு 'ஆஸ்' ஜோடியாக நிற்கின்றன. ஆனால் எழுத்துத் தமிழில் 'போல' என்ற ஒரே சொல்லைப் பழகிய பிள்ளை, இரண்டாவது 'ஆஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'லைக்' போட்டு எழுதிவிடுகிறது. இதைப் பிள்ளையின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பாடம் வந்த வழியிலேயே கோளாறு இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டு லத்தீன் இலக்கண ஆசிரியர் டொனாட்டஸ், பெயரடையின் வடிவம் மாறுவதை வைத்து இயல்பு, மிகுதி, உச்சம் என ஒப்பீட்டுக்கு மூன்று படிகள் வகுத்தார். சமம் என்று சொல்லும்போது வடிவம் மாறாது; ஆகவே அதற்குத் தனிப் படி கிடைக்கவில்லை. அந்தச் சட்டகமே ஆங்கில இலக்கணத்துக்குள் வந்து, 1930களில் வெளியான ரென்–மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வழியாக நம் வகுப்பறைகளில் வேரூன்றியது. 'பாசிட்டிவ் டிகிரி' என்ற முதல் படியின் தலைப்புக்கு அடியில் சம ஒப்பீடு ஒளிந்துகொண்டது. திராவிட மொழிகள் ஒப்பீட்டுக்கு விகுதி சேர்ப்பதில்லை என்று மொழியியலாளர் கால்டுவெல் 1856இலேயே எழுதியிருந்தும், மூன்று படிகளை மனப்பாடம் செய்யும் வழக்கம் நிற்கவில்லை.

பழந்தமிழிலும் சமத்தைத் தனியாகக் காட்டும் தெளிவு இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐந்தாம் வேற்றுமையின் 'இன்' உருபை வைத்து, காக்கையையும் களாப்பழத்தையும் ஒப்பிட்டு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் சமத்தையும் குறிக்கும், மிகுதியையும் குறிக்கும். ஆனால் அவர்களே அதை உவமப்பொரு (சமம்), உறழ்பொரு (மிகுதி) என்று பிரித்தும் வைத்தார்கள். பின்னால் மிகுதிக்கு 'விட', 'காட்டிலும்' வந்தன. சமத்துக்கு 'அளவு' நின்றது. "தம்பி அண்ணன் அளவு ஒசரமில்லை" என்றால் தம்பி குட்டை என்றே எல்லோரும் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் 'நாட் ஆஸ் டால் ஆஸ்' என்பதற்கும் அதே பொருள்தான்.

ஆங்கிலத்தின் சம ஒப்பீட்டை எம்புட்டு–அம்புட்டு வழியாகவே கற்பிக்கலாம் என்றால், தாய்மொழியைக் கலந்தால் குழப்பம் வரும் என்பது இன்னொரு மறுப்பு. 'போல' ஏற்கெனவே கலந்துதான் கிடக்கிறது. சரியான சொல்லைக் கலக்கச் சொல்கிறேன், அவ்வளவே. உதாரணத்துக்கு, முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்றது 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. "வைகை மட்டம் எம்புட்டோ அதுக்கு ரெண்டு மடங்கு பெரியாறு" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'ட்வைஸ் ஆஸ் ஹை ஆஸ்' புரிய அரை மணி நேரம் போதும். வருசநாட்டுப் பகுதியின் கடமலைக்குண்டிலும் மயிலாடும்பாறையிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மூன்று படிகளுக்கு முன்னால் ஒரு வகுப்பு நேரத்தை இந்த எம்புட்டு–அம்புட்டு ஒப்பீட்டுக்கு ஒதுக்கிப் பார்க்க வேண்டும்.