இரண்டாவது சாசனம்

உத்தரமேரூருக்குப் போய்வந்த நண்பர்கள் எல்லோரும் "அந்தச் சாசனத்தைப் பார்த்தோம்" என்று ஒருமையில்தான் சொல்கிறார்கள். மேடைப் பேச்சாளர்களும் அப்படியே. குடத்தில் ஓலையைப் போட்டுக் குலுக்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் தேர்தல் நடத்தினார்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளவை இரண்டு சாசனங்கள். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல், வெட்டியது ஒன்று. 14-ஆம் ஆண்டில், 921-இல், வெட்டியது மற்றொன்று. ஒரே ஊர், ஒரே சபை, ஒரே அரசன், ஒரே விஷயம். அப்படியிருக்க இரண்டே ஆண்டுகளில் கல்தச்சனை மறுபடி ஏன் கூப்பிட்டார்கள்? என்னைக் கேட்டால், உத்தரமேரூரின் பெருமை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஊர். பல்லவர் காலத்திலேயே சதுர்வேதிமங்கலமாக ஏற்பட்டது. வயிரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி அதற்கு உயிர். ஏரியைக் காக்க ஒரு வாரியம், தோட்டங்களுக்கு ஒரு வாரியம், ஆண்டுக் காரியங்களுக்கு ஒரு வாரியம், பொன்னின் மாற்றுப் பார்க்க ஒரு வாரியம், பஞ்சவார வாரியம் ஒன்று என்று சபையின் வேலை பிரிந்திருந்தது. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலையில் எடுத்தார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கூட்டிப் பாருங்கள், சரியாக 30 வரும்!

இப்போது ஒரு சிறு சுற்று வழி போகவேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; திரும்பிக் கோயிலுக்கே வந்துவிடுவோம்.

கம்ப்யூட்டர் என்ற யந்திரத்துக்கு வேலை சொல்ல, 'இதைச் செய், பிறகு அதைச் செய், இப்படியானால் இங்கே போ' என்று வரிவரியாக எழுதிக் கொடுக்கிறார்கள். இதற்கு நிரல் என்று பெயர். யந்திரத்துக்கு ஊகம் கிடையாது. 'ஏதோ பார்த்துச் செய்' என்றால் அது செய்யாது. ஆகவே எழுதியவர் ஒரு வார்த்தையைத் தளர விட்டுவிட்டால் அங்கே ஒரு பிழை குடியேறிவிடும். அந்தப் பிழைக்கு 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். பொறியாளர்களிடையே முன்பே வழங்கிவந்த சொல்தான். ஆனால் 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்டின் மார்க்-2 யந்திரத்தில் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டு, அதைக் குறிப்பேட்டிலே ஒட்டி வைத்தார்கள். சொல்லுக்குச் சான்றாகப் பூச்சியே கிடைப்பது எல்லா மொழிக்கும் வாய்க்கிற பாக்கியமல்ல.

பிறகு, பிழை தேடுகிற வேலைக்கே ஒரு நிரல் எழுதினால் என்ன என்று தோன்றியது. 1978-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்ஸன் என்பவர் 'லிண்ட்' என்ற ஒன்றைச் செய்தார். துணியில் ஒட்டிக்கொள்ளும் நூல்பிசிறுக்கு அந்தப் பெயர். மற்றொரு நிரலை ஓட்டிப் பார்க்காமலே, அதன் மூல எழுத்தை மட்டும் படித்து, 'இந்த இடம் சந்தேகமாக இருக்கிறது' என்று விரலை நீட்டும். வேடிக்கை என்னவென்றால், பிழை காட்டும் இந்தக் கருவியும் ஒரு நிரல்தான். அதையும் மூலத்திலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். வேண்டுமென்றே கெடுத்து எழுதிய மாதிரிகளைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அது தடுமாறுகிற இடத்தைக் கண்டு திருத்த வேண்டும். திருத்தியபின், தடுமாற வைத்த மாதிரியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அதையே மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். பழைய திருடன் புது வேஷத்தில் வருகிறானா என்று பார்க்கத்தான்.

உத்தரமேரூர் சபையாரிடம் யந்திரம் இல்லை. ஆனால் விதி எழுதுகிறவனுக்கு வரும் சங்கடம் அவர்களுக்கும் வந்தது. சபை விதிகள் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தவையும் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் கி.பி. 800-ஐ ஒட்டியே சபை உறுப்பினருக்குத் தகுதிகள் வகுத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் 'அன்று, அன்று' என்று குறுக்கே நிற்பவனுக்கு 5 காசு தண்டம் என்று அங்கே ஒரு விதி. இன்றைக்கும் அது அமலில் இருந்தால் நம்முடைய சங்கங்கள் பலவற்றுக்கு நிதிக் கஷ்டமே இராது!

919-இல், அரச ஆணைப்படி, தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி உடனிருக்க, சபையார் முதல் விதியைச் செய்தார்கள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீட்டில் இருக்கவேண்டும். வயது 30-க்கு மேல் 60-க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகள் வாரியம் செய்திருக்கக் கூடாது. வாரியத்திலிருந்து இறங்கிய பெருமக்களுக்கு நெருங்கிய உறவாகவும் இருக்கக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இது ஓடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டனான சோமாசிபெருமாள் என்ற வேறோர் அதிகாரி முன்னிலையில், அதையே திருத்தி எழுதினார்கள்.

எங்கே தவறு நேர்ந்தது என்று இரண்டாவது சாசனம் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தால் கிழிசல் எங்கே என்று தெரியாதா? வயது 30-லிருந்து 35-ஆக ஏறியிருக்கிறது. மேல் வரம்பு 60-லிருந்து 70. முப்பது வயதுக்காரர்கள் என்ன செய்துவிட்டார்களோ! நிலத்தில் ஒரு சலுகை: அரைக்கால் வேலியே உள்ளவனும், ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் விளக்க வல்லவனானால் அவன் பெயரும் குடத்தில் விழலாம். இவையெல்லாம் சிறு திருத்தங்கள்.

பெரிய கிழிசல் 'நெருங்கிய உறவு' என்ற சொல்லில் இருந்திருக்க வேண்டும். நம் ஊரில் யார்தான் யாருக்கு உறவில்லை? எது நெருக்கம், எது தூரம் என்று சபையில் வாக்குவாதம் நடந்திருக்காதா? இரண்டாவது சாசனம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக் கூடாது. அவனுடைய தாயின் தங்கை மகன், தமக்கை மகன், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், தந்தையின் சகோதரன், உடன்பிறந்தான், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரி மகன், மருமகன், தகப்பன், மகன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வெளியே நிறுத்துகிறது. இதில் இலக்கிய அழகு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மூடனும் தவறில்லாமல் தீர்ப்புச் சொல்லலாம். கழுதை ஏறியவனும் பொய் ஓலை எழுதியவனும் கூட விடுபடவில்லை.

குலுக்கும் முறைதான் இதைவிட ருசியானது. முதல் சாசனம் இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறது. இரண்டாவது, அடி அடியாகச் சொல்கிறது. சிறியோர் பெரியோர் உள்ளிட்ட மகாசபை கூட வேண்டும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி, மேல்நோக்கிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன், ஒரு குடும்பின் ஓலைக் கட்டை எடுக்க வேண்டும். அந்த ஓலைகளை வேறொரு வெற்றுக் குடத்தில் இட்டுக் குலைக்க வேண்டும். அதிலிருந்து ஓர் ஓலையை அந்தச் சிறுவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலும் அகல விரித்து! இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். மூடிய கைக்குள் ஓலை மாறிப்போன அனுபவமோ, மாறியிருக்கும் என்ற பேச்சோ இல்லாமல் இப்படி ஒரு வாக்கியம் எழுத வராது. குடத்தைத் தூக்கி நிற்பது ஒரு சூழ்ச்சிக்குப் பதில், வெற்றுக் குடம் இன்னொன்றுக்கு, சிறுவன் இன்னொன்றுக்கு, எல்லா நம்பிமாரும் வாசிப்பது, இருக்கிற பெயரை விட்டு இல்லாத பெயரை வாசிக்கும் வாய்க்கு. இதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கெட்டிக்காரன் ஒளிந்திருக்கிறான்.

கணக்கனையும் மறக்கவில்லை. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும்; அவனுக்குப் பதில் இன்னொரு கணக்கன் புகக் கூடாது; நேர்மையானவன் என்று தீர்ந்தபிறகே அவனுக்கு மறுபடி வேலை.

இந்த இரு சாசனங்களையும் வெங்கையா தொல்பொருள் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விளக்கி வெளியிட்டார். நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் விரிவாக ஆராய்ந்தார். அதன்பின் இதை ஜனநாயகம் என்று கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் பாதி உடன்பாடு. எல்லாத் திருத்தமும் குடத்துக்குள் விழுந்த ஓலையைப் பற்றித்தான். நிலமும் வேதமும் இல்லாதவன் ஓலை குடத்தின் பக்கமே வரவில்லை. ஏரியில் மண் சுமந்தவனுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை. பெண்களுக்கு எந்த வாரியத்திலும் இல்லை. 'லிண்ட்' கூட எழுதிய வரியில் உள்ள பிசிறைத்தான் காட்டும். எழுதாமல் விட்ட மனிதர்களைக் காட்டாது.

ஆயினும் 921-இல் அவர்கள் முதல் சாசனத்தைச் செதுக்கி அழித்துவிடவில்லை. தங்கள் விதி போதவில்லை என்பதற்குச் சாட்சியாக அது இன்றும் இருக்கிறது. தீயவர் அழிந்து மற்றவர் வளர, சந்திர சூரியர் உள்ளவரை இனி இப்படியே நடத்துவதென்று சபையார் முடிவு செய்தார்கள். வீற்றிருந்த பெருமக்கள் பணிக்க இதை எழுதினேன் என்று கடைசியில் மத்தியஸ்தன் தன் பெயரை முழுதாகப் பொறித்திருக்கிறான்: காடாடிபோத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன்.