முதலிடம் இழந்த பலசரக்குக் கடை: செயின்ஸ்பரியின் வரலாறு எமக்குக் கூறுவது

இலண்டன் மாநகரின் றூரி லேன் என்னும் தெருவில் 1869ஆம் ஆண்டு ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. ஜோன் ஜேம்ஸ் செயின்ஸ்பரி என்ற இளைஞரும் அவர் மனைவி மேரி ஆனும் அதன் உரிமையாளர்கள். பால், வெண்ணெய், முட்டை ஆகியனவே அங்கு விற்பனைப் பொருட்கள். உணவுப் பண்டங்களிற் கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில், சுத்தமான கடை, தரமான பண்டம் என்ற இரண்டையுமே அவர்கள் முதலாகக் கொண்டனர். சுவரிலே வெள்ளை ஓடு, விற்பனை மேசையிலே பளிங்குக் கல் என்று அமைந்த அக்கடைகள் இலண்டனெங்கும் பரவின. 1950இல் குறொய்டனில் வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துச் செல்லும் சுயசேவைக் கடையை அவர்கள் திறந்தபோது, பிரித்தானிய வணிகத்தில் ஒரு புதிய காலம் பிறந்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நாட்டின் பலசரக்கு வணிகத்தின் முன்வரிசையில் நின்ற இந்நிறுவனம், 1995இல் முதலிடத்தை ரெஸ்கோவிடம் இழந்தது. 2003இல் இரண்டாமிடத்தையும் அஸ்டாவிடம் இழந்தது. பின்னாளில் இரண்டாமிடம் மீண்டது. முதலிடம் இன்றுவரை மீளவில்லை. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த நற்பெயர் இருந்தும் வாடிக்கையாளர் ஏன் விலகிச் சென்றனர்? வணிகம் செய்வோர் மாத்திரமன்றி, புகுந்த நாட்டில் வாழ்வை மீளக் கட்டியெழுப்பும் நாம் யாவரும் சிந்திக்க வேண்டிய வினா இது.

முதலில் வென்றவரைப் பார்ப்போம். ரெஸ்கோவின் நிறுவனர் ஜக் கோஹன், போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதப் பெற்றோருக்கு, 1898இல் கிழக்கு இலண்டனிற் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் சேவை செய்து திரும்பிய அவர், 1919இல் இராணுவத்தின் எஞ்சிய உணவுப் பொருட்களை வாங்கி, ஹக்னியிலே தெருச் சந்தையில் விற்கத் தொடங்கினார். முதல்நாள் விற்பனை நான்கு பவுண். இலாபம் ஒரு பவுண். 1924இல் அவர் வாங்கிய தேயிலையின் வணிகரான ஸ்ரொக்வெல் என்பவரின் பெயரெழுத்துக்களுடன் தம் பெயரின் முதலிரு எழுத்துக்களைச் சேர்த்தே ‘ரெஸ்கோ’ என்ற பெயரை உருவாக்கினார். நிறையக் குவித்து மலிவாக விற்பதே அவர் கொள்கை. வந்தேறு குடியின் மகன் தள்ளுவண்டியில் தொடங்கிய கடை, முக்கால் நூற்றாண்டின் பின் செயின்ஸ்பரியை முந்தியது.

இவ்வெற்றி ஒருநாளில் வந்ததன்று. 1963இல் ரெஸ்கோ, வாங்கும் பொருளின் பெறுமதிக்கேற்பப் பச்சை முத்திரைகளை வழங்கும் திட்டத்திற் சேர்ந்தது. முத்திரைகளைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் வீட்டுப் பொருட்களைப் பெறலாம். காலப்போக்கில் மக்கள் முத்திரையிலும் பார்க்க விலைக்குறைப்பையே விரும்புகின்றனர் என்பதை உணர்ந்து, 1977இல் முத்திரையை நிறுத்தி அப்பணத்தை விலைக்குறைப்பிற் செலவிட்டது. தனக்குப் பழகிப்போன ஒன்றையே கைவிடத் துணிந்தமை இங்கு கவனிக்கத்தக்கது.

1995 பெப்ரவரியில் ரெஸ்கோ ‘கிளப்காட்’ என்னும் அட்டையை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. செலவுக்கேற்பப் புள்ளிகள், புள்ளிகளுக்கேற்பக் கழிவுச் சீட்டுகள் கிடைத்தன. செயின்ஸ்பரியின் தலைமை இதனைப் பழைய பச்சை முத்திரையின் மின்னணு வடிவம் என்று கூறி ஒதுக்கியது. ஆனால் அட்டையின் உட்பொருள் வேறு. எமது ஊர்க் கடைக்காரரிடம் ஒரு கடன்கொப்பி இருந்தது நினைவிருக்கும். எந்த வீட்டார் எத்தனை கொத்து அரிசி வாங்குவர், எவர் வீட்டிற் குழந்தை பிறந்துள்ளது, எவர் இம்மாதம் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஐம்பது குடும்பங்களுக்கு அவர் செய்ததை, பல மில்லியன் குடும்பங்களுக்குக் கணினி செய்தது. யார் என்ன வாங்குகிறார், எதனை வாங்காமல் விட்டுவிட்டார் என்பதை ரெஸ்கோ அறிந்துகொண்டது. செயின்ஸ்பரி தன் தவற்றை உணர்ந்து 1996இல் தானும் ஓர் அட்டையை வெளியிட்டபோது காலம் கடந்துவிட்டது.

அடுத்த அடி உள்ளிருந்தே விழுந்தது. 2000ஆம் ஆண்டின் பின் செயின்ஸ்பரி, மனிதக் கைகளுக்குப் பதிலாக இயந்திரங்களும் கணினியும் இயக்கும் பெரும் களஞ்சியங்களை அமைத்தது. அவை சரிவர இயங்கவில்லை. களஞ்சியத்திற் பொருள் இருக்க, கடையின் இறாக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. 2004இல் நிறுவனம் தன் வரலாற்றில் முதற்றடவையாக நட்டத்தை அறிவித்தது. அவ்வாண்டு பொறுப்பேற்ற ஜஸ்ரின் கிங், ஒரு மில்லியன் வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதி, குறை யாது என்று கேட்டார். கிடைத்த விடைகளுள் முக்கியமானது மிக எளியது: நாடி வந்த பொருள் கடையில் இல்லை! தலைமையகத்தில் 750 பதவிகளைக் குறைத்து, கடைத்தளத்துக்கு 3,000 ஊழியரைச் சேர்க்க அவர் முடிவு செய்தார். கடை படிப்படியாக நிமிர்ந்தது.

வென்றவர் நிலை என்னவாயிற்று? 2007 அளவில் பிரித்தானியர் கடைகளிற் செலவிடும் ஏழு பவுணில் ஒரு பவுண் ரெஸ்கோவுக்குச் சென்றது. உச்சியில் நின்ற ரெஸ்கோவும் பழைய செயின்ஸ்பரியின் வழியையே பின்பற்றியது. அமெரிக்காவில் 2007இல் கடை பரப்பி, 2013இல் கைவிட்டு மீண்டது. 2014இல் இலாபத்தை ஏறத்தாழ 250 மில்லியன் பவுணால் மிகைப்படுத்திக் காட்டியமை வெளியாயிற்று. 2015இல் 6.4 பில்லியன் பவுண் நட்டத்தை அறிவித்தது. இதற்கிடையில், 1990இல் வந்த அல்டியும் 1994இல் வந்த லிடிலும் ஆகிய ஜேர்மானியக் கடைகள், 2008இன் பொருளாதார நெருக்கடியின் பின் விரைந்து வளர்ந்தன. ரெஸ்கோவில் 28 வகைத் தக்காளிச் சோஸ் இருந்தபோது அல்டியில் ஒன்றே இருந்தது. வகை குறைந்தால் வேலை குறையும், களஞ்சியச் செலவு குறையும், விலையும் குறையும். வகைகளைக் கண்டு மயங்கிய மக்கள் பணமுடை வந்ததும் விலையையே பார்த்தனர். 2022இல் அல்டி, மொரிசன்சை முந்தி நான்காமிடத்தைப் பிடித்தது.

இக்கதை எமக்குப் புதிதன்று. 1957இலிருந்து இலங்கையெங்கும் நிறுவப்பட்ட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளை, அதாவது எமது சங்கக்கடைகளை எண்ணிப் பாருங்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் அவற்றின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. ஆனால் மக்களைக் கொண்டுவந்து நிறுத்தியது கூப்பன் புத்தகமேயன்றிக் கடையின் மீதான விருப்பமன்று. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து, 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்ததும், அவ்வரிசைகள் கலைந்தன. வேறு வழியின்றி வருபவர் வாடிக்கையாளர் அல்லர். வழி பிறக்கும் நாளை எதிர்பார்த்திருப்பவர்.

இனி எமது கடைத்தெருவுக்கு வருவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குத்தரிசிக்கும் ஒடியல் மாவுக்கும் முருங்கைக்காய்க்கும் எம்மவர் இரண்டு பேருந்து மாறி ரூட்டிங்குக்கும் ஈஸ்ட்ஹாமுக்கும் வெம்பிளிக்கும் சென்றனர். அக்கடைகள் பண்டத்தை மட்டும் விற்கவில்லை; வீட்டு வாடகை அறை பற்றிய செய்தியையும், வேலை பற்றிய தகவலையும், ஊர்ப் புதினத்தையும் வழங்கின. அவற்றை நடத்தியோரின் இரவுபகல் உழைப்பிலே பல பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர். ஆனால் இன்று தேங்காய்ப்பாலும் வெண்டிக்காயும் பாசுமதி மூட்டையும் பெருங்கடைகளிலேயே உண்டு. பெரிய கடைகளின் ஞாயிறு விற்பனையை ஆறு மணித்தியாலமாக மட்டுப்படுத்திய 1994ஆம் ஆண்டுச் சட்டம் சிறுகடைகளுக்கு ஓரளவு அரணாக நின்றபோதும், ரெஸ்கோவும் செயின்ஸ்பரியும் சிறிய கிளைகளைத் திறந்து தெருமூலைக்கே வந்துவிட்டன.

‘எம்மவர் எம்மிடம் வராமல் எங்கே போவர்?’ என்று எண்ணும் கடைக்காரர், 1995இன் செயின்ஸ்பரி செய்த பிழையையே செய்கின்றார். பொருளில் விலை குறிக்காமை, திகதி கடந்த பண்டத்தை இறாக்கையில் விடுதல், மீதிச் சில்லறையை முகங்கொடாது நீட்டுதல் ஆகியவற்றை முதலாந் தலைமுறை பொறுத்துக்கொண்டது. இங்கு பிறந்த தலைமுறை பொறுக்காது. அவர்கள் சண்டையிடார், முறையிடார், வராமல் விடுவர். அதேவேளை, பண்டத்தின் பெயரைத் தமிழிற் சொல்லிக் கேட்கக்கூடிய கடையொன்று தெருவில் இருப்பதன் பெறுமதியை வாங்குவோராகிய நாமும் உணரவேண்டும். குறை கண்டால் மௌனமாக விலகாது, கடைக்காரரிடம் நேரிற் சொல்லுவோம். செயின்ஸ்பரி ஒரு மில்லியன் கடிதம் எழுதி அறிந்ததை எமது வணிகர் மேசைக்கு முன் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டே அறியலாம். கேட்பதற்கு அவரும், சொல்வதற்கு நாமும் முன்வந்தால், எமது கடைகள் அடுத்த தலைமுறைக்கும் நிலைக்கும்.