யாரும் பார்க்காத வளைவு: ஊர் மரதன்களில் நியாயம்

வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் மரதன் கட்டாயம் இருக்கும். 42.195 கிலோமீற்றர் ஓடினால்தான் மரதன் என்பது உலகக் கணக்கு. எங்களுக்குக் கோவிலடியில் தொடங்கி, பிரதான வீதிவரை போய்த் திரும்பினாலே மரதன்தான்.

14 வயதில் அப்படியொரு ஓட்டத்தில் நான் மூன்றாவதாக வந்தேன். பரிசு, ஒரு பாடசாலைப் பை. பாதை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் தேயிலை மலைக்கூடாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. ஏறிவிட்டேன். நான்காவதாக வந்த அக்கா வெறுங்காலோடு ஓடியவர். “நீ எப்ப தங்கச்சி என்னைத் தாண்டின?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பெரிய போட்டிகளிலும் இது நடந்திருக்கிறது. 1980இல் பொஸ்டன் மரதனில் பெண்கள் பிரிவில் முதலாவதாக எல்லையைத் தொட்டவர் ரோஸி ரூயிஸ். வழியில் அவரைக் கண்டவர்கள் இல்லை. கடைசிப் பகுதியில்தான் அவர் ஓட்டத்துக்குள் புகுந்தார் என்பது தெரியவர, வெற்றி பறிக்கப்பட்டு கனடாவின் ஜாக்குலின் காரோவுக்கு வழங்கப்பட்டது. அங்கே விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த அக்காவுக்காகக் கேட்க யாரும் இருக்கவில்லை. ஊர் ஓட்டத்தில் நேர்மையை மனச்சாட்சியிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஏற்பாட்டாளர்கள் செய்யவேண்டியவை

குறுக்குப் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவரை நிறுத்துங்கள். திரும்பும் இடத்தில் ஒவ்வொருவரின் இலக்கத்தையும் எழுதுங்கள், அல்லது கையில் ஒரு நிற நாடாவைக் கட்டிவிடுங்கள். ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

வயதுப் பிரிவு இருந்தால், என்ன ஆவணம் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். தொடக்கக் கோட்டில் வைத்துப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது நியாயமல்ல. வெளியிலிருந்து வரும் பயிற்சிபெற்ற வீரர்களை ஓடவிடலாம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பரிசு இருக்கட்டும்.

வெலிமடையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறோம். விதிகளை ஒரே மொழியில் அறிவித்துவிட்டு, விளங்காமல் தவறு செய்தவரை நீக்குவது அநியாயம். ஆண்களுக்குப் பணமும் பெண்களுக்குப் பிளாஸ்டிக் வாளியும் கொடுக்கும் வழக்கமும் போகவேண்டும். ஓடிய தூரம் ஒன்றென்றால் பரிசும் ஒன்றாக இருக்கட்டும்.

நுவரெலியா–பதுளை வீதியில் ஓட்டம் என்றால் பொலிஸாருக்கு அறிவித்தே ஆகவேண்டும். பஸ்கள் அந்த வளைவுகளில் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும்.

ஓடுபவர்கள் அறியவேண்டியவை

மெதுவாக ஓடுபவர்கள் தொடக்கக் கோட்டில் பின்னால் நிற்பது மரியாதை. முந்தும்போது முழங்கையால் இடிக்கக் கூடாது. ஒழுங்கை போன்ற ஒடுங்கிய பாதையில் கைகோத்து ஓடி வழியை மறிக்கக் கூடாது. நண்பன் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்து தண்ணீர் கொடுப்பதும் உதவிதான். அது எல்லோருக்கும் இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம்.

எல்லைக் கோட்டில் சண்டை வருவது அதிகம். சர்வதேச விதிப்படி, கோட்டை முதலில் எட்டவேண்டியது உடற்பகுதிதான். தலை, கை, கால் ஆகியவை கணக்கில் இல்லை. கையை நீட்டிப் பாய்ந்து விழுவதில் பயனில்லை.

2012 டிசம்பரில் ஸ்பெயினின் நவாரா பகுதியில் நடந்த ஓட்டமொன்றில், முன்னால் வந்த கென்ய வீரர் ஆபெல் முட்டாய் எல்லை வந்துவிட்டதென நினைத்து முன்னதாகவே வேகத்தை விட்டுவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அவரைத் தாண்டாமல், சைகை காட்டி முன்னே அனுப்பினார். அப்படிச் செய்யும்படி எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

கடைசியாக வருபவர்

1964 ஒக்டோபர் 14, டோக்கியோ ஒலிம்பிக் 10,000 மீற்றர். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் வென்றுவிட்டார். மற்றவர்களும் முடித்துவிட்டார்கள். இலங்கையின் ரணதுங்க கருணானந்த மட்டும் 67ஆம் இலக்கத்தோடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் கேலி செய்த பார்வையாளர்கள், அவர் நிற்காததைக் கண்டு எழுந்து கைதட்டினார்கள். யப்பானியப் பாடநூலிலும் அந்தக் கதை இடம்பிடித்தது.

நம் ஊரில் முதல் மூவர் வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒலிபெருக்கியில் அடுத்த போட்டியை அறிவித்துவிடுகிறோம். வீதியில் இன்னும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பிள்ளை வரும்வரை கயிறு இருக்கட்டும், ஒருவர் இலக்கத்தை எழுதிக்கொண்டிருக்கட்டும். தன்னை யாரோ கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளைக்குக் குறுக்குப் பாதையின் ஆசை குறையும். அன்று என் இலக்கத்தை அந்த வளைவில் யாராவது எழுதியிருந்தால், பை அக்காவின் தோளில் போயிருக்கும்.