‘ன’ எங்கே போச்சு?

மாலை மணி அடித்ததும் நான் திருவொற்றியூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடுவேன் என்பது என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். தமிழில் ‘ஹையர்’ பாஸ் பண்ணினால் நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஆபீஸ் வேலை உண்டு என்று என் நைனா நம்பினார். ‘யளனக, யளனக’ என்று அடித்து அடித்து, கண்ணை மூடினாலும் விரல் எழுத்தைக் கண்டுபிடித்தது. இடக்கை நடுவிரலுக்கு அடியில் ‘ன’. வேலையும் கிடைத்தது.

2000-க்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸில் தமிழைத் திறந்தால் ‘ன’ இருந்த இடத்தில் இல்லை! “அதுல என்ன வந்துச்சோ அதைப் பழகிக்குங்க” என்றார்கள். பதினைந்து வருஷப் பழக்கம் ஒரே நாளில் செல்லாக்காசு ஆயிற்று.

அதில் வந்தது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு என்று வகுத்து, 1991-இல் இந்தியத் தரத்தில் சேர்த்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் இந்தியின் நான்கு ‘க’வுக்கும் இடம் ஒதுக்கிய பலகையில், நமக்கு ஒரு ‘க’ போக மற்ற விசைகள் சும்மா கிடந்தன. தமிழில் அடிக்கு ஒருமுறை வரும் ‘ன’வுக்கோ ஷிப்ட் அழுத்த வேண்டும். ற, ள, ழவுக்கும் அதே கதி.

இத்தனைக்கும் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, அதே ஆண்டில் தமிழக அரசு ‘தமிழ்99’ஐத் தரமாக அறிவித்திருந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ‘க’வை இருமுறை தட்டினால் முதல் ‘க’வுக்குப் புள்ளி தானே விழும். ஆனாலும் விண்டோஸுக்குள்ளேயே அது வந்து சேர விண்டோஸ் 10 காலம் ஆயிற்று. அதுவரை என் போன்றோரைக் காப்பாற்றியது என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள்தாம். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் என எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. வலையும் படகும் பாழ். அன்று சாயந்திரத்துக்குள் நிவாரண மனு அடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் லேப்டாப்பில் மறுபடி அதே இன்ஸ்கிரிப்ட்! நான் எழுத்தைத் தேடுவதைப் பார்த்த பெரியவர் ஒருவர், “இன்னாப்பா, ஆபீஸ்ல டைப் அடிச்ச ஆளு நீ, ஒரு மனு அடிக்கத் தெர்லியா?” என்றார். என்.எச்.எம். ரைட்டரை இறக்கிப் பழைய டைப்ரைட்டருக்கு மாற்றிய பிறகு, மூன்று பக்கம் முக்கால் மணியில் முடிந்தது.

மாற்ற எனக்கு வழி தெரிந்தது. தெரியாதவர், தனக்குத்தான் தமிழ் அடிக்க வரவில்லை என்று எழுந்து போயிருப்பார். மென்பொருள் எழுதப் போகும் தம்பி தங்கையரே, ஏதோ ஒன்றை முதலில் வைத்துத்தான் கொடுக்க முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “உங்களுக்கு எது பழக்கம்?” என்று முதல் திரையிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.