தங்கவயலில் அச்சான புத்தகங்கள்

கேஜிஎஃப் என்றதும் இன்றைய கல்லூரி மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது 2018இல் வந்த படம். அதில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்களை மீட்க ஒருவன் வருவான் என்று காத்துக்கிடப்பவர்கள். 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்த பிறகுதான் அங்கே தோண்டியவர்கள் எந்தச் சாதி, எந்த ஊர் என்ற பேச்சாவது பொதுவெளியில் எழுந்தது. உண்மையான கோலார் தங்கவயலில் அந்தத் தொழிலாளர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சங்கம் வைத்தார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்திரிகை நடத்தினார்கள்.

கோடை விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்வந்தோம். ஊட்டி, ஏற்காடு என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மலையும் பார்க்கலாம், சுரங்கமும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். பொய்யில்லை. ஜோலார்பேட்டையில் ஏலகிரி பின்னுக்குப் போனதும் ரயில் மேட்டில் ஏறத் தொடங்குகிறது. பச்சூர், மல்லானூர், குப்பம் என்று குன்றுகளுக்கு நடுவே வளைந்து பங்காருபேட்டைக்குப் போய்ச் சேர்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இல் போட்ட பாதை இது. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளைப்பாதை 1894இல் வந்தது.

இந்த மேட்டில் நம் ஆட்கள் ஏறியது சுற்றுலாவுக்கு அல்ல. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சம் வட ஆற்காட்டையும் சேலத்தையும் சூறையாடிப் போயிருந்தது. சேரியில் மிஞ்சியவர்கள் பண்ணையில் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் தங்கவயலில் இறங்கியது. மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் முன்பணத்தோடு நம் ஊர்களுக்கு வந்தார்கள். அது இன்னொரு கடன்தான். ஆனால் பண்ணைக் கடனுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. இங்கே கூலி காசாகக் கைக்கு வந்தது. ஆண்டையின் களத்தில் தானியத்துக்குத் துண்டை விரித்து நிற்க வேண்டியதில்லை. இதைச் சொல்லும்போது கம்பெனிக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாகச் சிலர் நினைக்கக்கூடும். கம்பெனி விடுதலை கொடுக்க வரவில்லை, தங்கம் எடுக்க வந்தது. காசு கைக்கு வந்ததும் அதை என்ன செய்வது என்று முடிவு செய்தவர்கள் தொழிலாளர்கள்.

சாதி அந்த மலைமேட்டுக்குக் கூடவே வந்தது. நிலத்தடியில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். மேலே ஐரோப்பியர்களுக்குப் பங்களா, கிளப். தொழிலாளர்களுக்கு மூங்கில் தட்டியால் அடைத்த லைன் வீடு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அது உலகம் பேசிய சாதனை. எந்திரங்களுக்கும் பங்களாக்களுக்கும் வெளிச்சம் வந்தது. லைன் வீடுகள் பல பத்தாண்டுகள் இருட்டில் கிடந்தன.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைத் தாண்டும். 1965இல் இந்தச் சுரங்கத்துக்குள்தான் வளிமண்டல நியூட்ரினோக்களை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இயற்பியல் பாடத்தில் அதைப் படிப்பவர்கள், விஞ்ஞானிகள் இறங்கிய அந்தக் குழியை வெட்டியவர்கள் யார் என்றும் கேட்கலாம். தங்கம் இருப்பது படிகக்கல்லில். அதைத் துளைத்தால் பறப்பது சிலிக்காத் தூசு. 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்கு சிலிகோசிஸ் இருந்தது. தங்கவயலிலிருந்து திரும்பி வந்த தாத்தாக்கள் ஏன் இருமிக்கொண்டே செத்தார்கள் என்பதற்கு விளக்கம் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

1930இல் கம்பெனி எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவு செய்யக் கிளம்பியது. பக்கத்துச் சென்னை மாகாணத்தில் கைரேகை என்பது குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ஆயுதம். சங்கம் என்று முறையாக ஒன்று அப்போது இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். கூலி உயர்வுக்காக மட்டும் நடந்ததல்ல அந்த வேலைநிறுத்தம். எங்களைத் திருடர் பட்டியலில் சேர்க்காதே என்ற தன்மானம் அதன் நடுவில் இருந்தது. நம் போராட்ட வரலாறுகளில் இதற்கு ஒரு பத்தி கூடக் கிடைப்பதில்லை.

இந்தத் தன்மானம் ஒரே நாளில் முளைத்ததல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதை வாங்கிப் படித்து, கடிதம் எழுதி, பணம் அனுப்பித் தாங்கியவர்களில் தங்கவயல்காரர்கள் முன்வரிசை. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. பகலில் பூமிக்குள் இருந்தவர்கள் மேலே வந்து, தாங்கள் பூர்வ பௌத்தர்கள், சாதி பிறகு சுமத்தப்பட்டது என்று விவாதித்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். சில ஆண்டுகளில் இதழும் நின்றது. 1926இல் அதை மீண்டும் தொடங்கியது சென்னை அல்ல, தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக்கியதும் இங்கேதான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தபோது தமிழ் அறிவுலகம் புதையல் கிடைத்ததுபோல் ஆச்சரியப்பட்டது. புதைந்திருந்தது யாருக்கு? லைன் வீடுகளில் அது கைமாறிக்கொண்டுதான் இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் சாம்பல் நிறத்தில் பெரிய மேடுகள் தெரிந்தன. "இதுதான் நீங்க சொன்ன மலையா?" என்று சின்னவள் கேட்டாள். சைனைடு மலை என்று அங்கே சொல்கிறார்கள். பாறையைப் பொடியாக்கி, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண். நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன் தங்கம் போயிற்று, மூன்று கோடி டன்னுக்கும் மேல் கழிவு நின்றது. வறண்ட காற்று அடித்தால் அந்தத் தூசு இன்றும் லைன் வீடுகள் மேல்தான் இறங்குகிறது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "பொன்னு எங்கயோ போச்சு, புழுதி நம்மகிட்ட நின்னுடுச்சு" என்றார்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பத்தாண்டு கழித்து, 2011இல், இதே ஊரில் மலக்குழிக்குள் இறங்கிய மூன்று தலித் ஆண்கள் செத்தார்கள். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில் இறங்கியவர்களின் ஊரில், அடுத்த தலைமுறைக்குக் கிடைத்த குழி அது. மற்றவர்கள் விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கழிவு மேட்டில் மிச்சத் தங்கத்தை எடுக்கலாமா, எவ்வளவு தேறும் என்று அவ்வப்போது செய்தித்தாளில் கணக்கு வருகிறது. அந்தக் கணக்கில் லைன் வீடுகளுக்குப் பட்டா வருவதில்லை.

வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் தங்கவயலுக்குப் போய்வந்த தாத்தாவோ பெரிய தாத்தாவோ இருந்திருக்கலாம். அவர் கொண்டுவந்த தகரப்பெட்டி பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கம்பெனிச் சீட்டு, சங்க ரசீது, அட்டை கிழிந்த 'தமிழன்' எதுவாக இருந்தாலும், முதலில் செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். யார் வைத்திருந்தார், எந்த லைனில் இருந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதோடு எழுதி வையுங்கள்.