ஸ்பாகட்டியும் இத்ரிய்யாவும்

கோதுமை மாவை நூல்போல் இழைத்து உலர்த்திய ஸ்பாகட்டியைக் கொதிநீரில் வேகவைத்து, கைமாவாகக் கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயம், பூண்டு, தக்காளியோடு நெடுநேரம் சமைத்து அதன்மீது ஊற்றி, துருவிய பாலாடைக்கட்டியைத் தூவி உண்பது இன்று பல நாட்டு இல்லங்களில் வழக்கமான இராவுணவாகும். இதனை இத்தாலியர் உணவு என்றே உலகம் அறியும். அதில் பிழையில்லை. ஆனால், இந்த மாவிழை இத்தாலிக்கு எவ்வாறு வந்தது என்று கேட்டால், வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கொண்டுவந்தார் என்ற விடையே பலரிடமிருந்து வருகிறது. அவ்விடை சரிதானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மார்க்கோ போலோ பிறந்தது 1254இல். சீனத்திலிருந்து வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1279இல், ஜெனோவா நகரில் எழுதப்பெற்ற ஓர் உடைமைப் பட்டியலில், மக்கரோனி நிறைந்த கலம் ஒன்று போர்வீரர் ஒருவரின் பொருள்களோடு சேர்த்துக் குறிக்கப்பட்டுள்ளது. மார்க்கோ போலோ கதை பெரிதும் பரவியதற்குக் காரணம், அமெரிக்க மக்கரோனி உற்பத்தியாளர்களின் இதழொன்று 1929இல் வெளியிட்ட கற்பனைக் கதையே.

அப்படியாயின் உண்மைச் சான்று எங்குள்ளது? அரபு மொழியில் உள்ளது. சிசிலித் தீவின் நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த புவியியல் பேரறிஞர் அல்-இத்ரீஸீ, ஹிஜ்ரி 548இல், அதாவது 1154இல், 'நுஸ்ஹதுல் முஷ்தாக்' என்னும் பெருநூலை நிறைவு செய்தார். பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள 'அத்தர்பீஆ' என்ற ஊரை அதில் அவர் வருணிக்கிறார். ஓடும் நீரால் சுழலும் ஆலைகள் பல அங்கு இருந்தனவென்றும், ஏராளமாகச் செய்யப்பட்ட 'இத்ரிய்யா' கப்பல் கப்பலாகக் கலாப்ரியாவுக்கும், முஸ்லிம் நாடுகளுக்கும், கிறிஸ்தவ நாடுகளுக்கும் சென்றதென்றும் எழுதுகிறார். அவ்வூரே இன்றைய திராபியா. மார்க்கோ போலோ பிறப்பதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற சான்று இது.

இவ்விடத்தில் நாம் நிதானம் தவறலாகாது. மாவிழையைக் கண்டுபிடித்தவர்கள் அரபியரே என்று முழங்குவதற்கு இச்சான்று போதாது. 'இத்ரிய்யா' என்ற சொல்லே கிரேக்கத்தின் 'இத்ரியோன்' என்பதன் வழிவந்தது. எருசலேம் தல்மூதிலும் அதன் வடிவம் காணப்படுகிறது. சீனரும் தமக்கெனத் தனியாக மாவிழை செய்து உண்டவர்களே. சிசிலியின் அரபுமொழி மக்கள் செய்தது வேறொன்று. உலர்த்தினால் நெடுநாள் கெடாதிருக்கும் இப்பண்டத்தை அவர்கள் கடல் வணிகப் பொருளாக வளர்த்தனர். அச்சிறப்பு ஒன்றே அவர்களுக்குப் போதுமானது.

இறைச்சியோடு இதனைச் சேர்த்துச் சமைப்பதும் புதியதன்று. 1226இல் பக்தாதில் முஹம்மத் அல்-பக்தாதீ தொகுத்த 'கிதாபுத் தபீக்'கில் 'ரிஷ்தா' என்றோர் உணவு உண்டு. கொழுப்புள்ள இறைச்சியை இலவங்கப்பட்டை, உப்பு, கொண்டைக்கடலை, பருப்பு ஆகியவற்றோடு வேகவைத்து, மாவைப் பிசைந்து மெல்லியதாய்த் தேய்த்து, நான்கு விரல் நீள இழைகளாக நறுக்கி அதில் இடவேண்டும் என்கிறார். ரிஷ்தா என்பது பாரசீகத்தில் நூல். ஸ்பாகட்டியோ, கயிறு எனப் பொருள்படும் 'ஸ்பாகோ'விலிருந்து பிறந்த சொல். இரு மொழியாரும் ஒரே தோற்றத்தைக் கண்டே பெயரிட்டனர்.

பாலாடைக்கட்டி இத்தாலியர் சேர்த்தது. 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ, துருவிய பார்மா பாலாடைக்கட்டி மலையையும் அதன்மேல் மக்கரோனி சமைப்போரையும் வேடிக்கையாகக் கற்பனை செய்தார். தக்காளி அமெரிக்கக் கண்டத்தின் கனி; 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தபோதும், மாவிழையோடு கூடியது மிகப் பிற்காலத்தில்தான். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர், தாய்நாட்டில் தமக்கு அரிதாயிருந்த மாட்டிறைச்சி அங்கு மலிவாகக் கிடைத்ததால், அதனைத் தாராளமாகச் சேர்த்தனர். இன்றைய தட்டு இவ்வாறே நிறைந்தது.

திராபியாவில் இத்ரிய்யா செய்த மக்கள் என்னவாயினர்? 1220களில் இரண்டாம் ஃபிரெடெரிக் சிசிலியின் முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்தின் லூசேரா நகருக்குப் பெயர்த்தனுப்பத் தொடங்கினார். 1300இல் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லஸ் அக்குடியிருப்பைக் கலைத்தார். பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். தீவில் அவர்களுடைய பள்ளிவாசல்களும் பிறர் வசமாயின. ஆனால் சொல் அழியவில்லை. தென்னித்தாலியில் கொண்டைக்கடலையோடு சமைக்கும் மாவிழையை இன்றும் 'த்ரியா' என்கின்றனர். போர்த்துகீசியரும் கட்டலானியரும் 'அலெத்ரியா' என்று அரபுச் சுட்டையும் சேர்த்தே வழங்குகின்றனர்.

மனிதர்களை வெளியேற்றிய அரசர்களால் அவர்களுடைய சொல்லை அடுக்களையிலிருந்து வெளியேற்ற இயலவில்லை. ஆதலின் இவ்வுணவை எமது, உமது என்று வழக்காடுவதற்கு இடமில்லை. கிரேக்கர் பெயரளித்தனர்; அரபியர் உலர்த்திக் கப்பலேற்றினர்; இத்தாலியர் வளர்த்து உலகுக்கு வழங்கினர். ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்கு அளிப்பதே வரலாறு எழுதுவோரின் கடன். அல்-இத்ரீஸீக்கு உரியதை மார்க்கோ போலோவுக்குக் கொடுத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் ஆகாது.